இருபத்தேழாயிரத்தில் ஒன்று

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்கும் காட்டாதே, உன் அறைத் தோழிக்குக்கூட. படித்ததும் கிழித்துவிடு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா சொல்லச் சொல்ல நான்தானே எழுதுகிறேன், அந்தக் கடிதமும் இதே உறையில் இருக்கிறது. இங்கே எல்லோரும் அவரவர் வலியோடு சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தொடங்கியிருக்கிறாள். தன் கழுத்து வலியைப் பற்றி மட்டும் எழுத விடவில்லை. "அவ அங்க இருந்துக்கிட்டு என்னடி பண்ணப்போறா, விடு" என்றாள். அப்பாவுக்கு இந்த மாதமும் இரவு ஷிப்ட்தான். இதைச் சமையலறையில், சின்ன விளக்கில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சனிக்கிழமைதோறும் எங்கள் வகுப்பில் ஒருத்தி ஆய்வகக் குடுவைகளைக் கழுவ வேண்டும். முப்பது பேர் பெயரையும் சீட்டெழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டு, லீடர் குலுக்கி ஒன்றை எடுப்பாள். எடுத்த சீட்டு திரும்ப டப்பாவுக்கே போய்விடும். லீடர் வேறு யாருமில்லை, நம் மாடி வீட்டுப் பெண். எப்போது பார்த்தாலும் தலை எண்ணிக்கொண்டிருப்பதால் வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் கண்டக்டர். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தும்மல், சாக்பீஸ் தூள் பட்டால் போதும், பாடம் நின்றுவிடும். இவர்கள் இரண்டு பேருக்கும் ஜன்னலோர இடத்துக்காகச் சண்டை, பேச்சு கிடையாது. போன மூன்று வாரமும் தொடர்ந்து தும்மலின் பெயரே வந்தது. அவள் அழுதாள். எங்களுக்கு அப்போதுதான் நிகழ்தகவு நடத்தி முடித்திருந்தார்கள். நான் முப்பதை முப்பதால் பெருக்கி, மறுபடி முப்பதால் பெருக்கி, இருபத்தேழாயிரத்தில் ஒரு தடவைதான் இப்படி நடக்கும், கண்டக்டர் சீட்டில் ஏதோ செய்திருக்கிறாள் என்று தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் இருக்கிறார், சரிபார்க்க ஆளில்லை. தலைமையாசிரியை என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நாளைக் காலை எல்லோர் முன்னாலும் கண்டக்டரின் பேட்ஜைக் கழற்றி, ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். என் பொண்ணு கணக்குப் போட்டுத் திருடியைப் பிடிச்சிட்டா என்று அப்பா வேலை செய்யும் இடமெல்லாம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். கண்டக்டர் நின்றிருந்தாள். திட்டவில்லை. "நீ கணக்குல புலிதான். நான் என்ன பண்ணேன்னு உன் கணக்கு கண்ணால பாத்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பி வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் வாரம் யாராவது ஒருத்தி பெயர் வந்துதான் ஆக வேண்டும் அக்கா, அதில் அதிசயமே இல்லை. அடுத்த இரண்டு வாரம் அதே பெயர் வருவதுதான் அபூர்வம். அப்படியென்றால் முப்பதை இரண்டு தடவைதான் பெருக்க வேண்டும், தொள்ளாயிரத்தில் ஒன்று. தும்மல் என் தோழி என்பதால் ஆரம்பத்திலிருந்தே அவள் பெயரைப் பிடித்துக்கொண்டு எண்ணிவிட்டேன். பள்ளியில் இருபது வகுப்பிலும் வாராவாரம் ஏதாவது ஒரு வேலைக்கு இப்படித்தான் சீட்டு எடுக்கிறார்கள். வருடத்தில் ஒரு முறை எங்கேயாவது இது நடந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவள் ஏமாற்றவில்லை என்று இதனால் சொல்ல முடியாது. ஏமாற்றினாள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் நான் சொல்லிவிட்டேன்.

நாளை பிரேயருக்கு முன்னால் தலைமையாசிரியை அறைக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும். தும்மல் என்னோடு பேசமாட்டாள், அப்பாவுக்குத் தலைகுனிவு. அம்மாவின் ஆசிகள் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன, குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போகச் சொன்னாள், மறக்காதே. உன் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், இருந்தாலும் நீ எனக்கு ஒன்றே ஒன்று எழுது, போய்ச் சொல்வது சரிதானா, இல்லை

மாடியிலிருந்து யாரோ இறங்கி வருகிறார்கள். வாசல் கதவைத் தட்டுகிறார்கள். கண்டக்டரின் அம்மா குரல். அம்மா எழுந்துகொள்வதற்குள் நானே போய் உண்மையைச் சொல்லி