நாற்பத்தோராம் பக்கம்

பிப்ரவரி 10, திங்கள்

வாண்டின் அப்பாவுக்கு,

நலமறிய ஆவல் என்று எழுத நீங்கள் என்ன கடல் தாண்டியா போயிருக்கிறீர்கள்? பஸ்ஸில் இருபது நிமிடம். பட்ஜெட் அச்சாகி முடியும்வரை உங்களை அச்சகத்துக்குள் வைத்துப் பூட்டினாலும் பூட்டினார்கள், "எங்கப்பா என்ன தப்பு பண்ணாரு?" என்று வாண்டு தெருவெல்லாம் கேட்டு மானத்தை வாங்குகிறான். இதைப் படித்துப் பார்த்து உள்ளே அனுப்பும் வாசல் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். சாப்பிட்டீர்களா?

குழந்தைகள் காப்பகத்தில் வாண்டுக்கு இடம் கிடைத்ததா என்று போன கடிதத்தில் மூன்று தடவை கேட்டிருந்தீர்கள். கிடைத்துவிட்டது! அரசு மானியத்தில் நடப்பதால் நமக்குக் கட்டுப்படியாகும். இன்னொன்றும் கேளுங்கள். தையல் கம்பெனியில் என்னை சூப்பர்வைசராகப் போடுகிறார்களாம். பகல் ஷிப்ட்! நீங்கள் உள்ளே வரும்போது நான் வெளியே ஓடுகிற பிழைப்பு முடிந்தது. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்.

"வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போடும்மா. போட்டா உன் பழைய ஷிப்ட் வேற ஆளுக்குப் போயிடும், அப்புறம் திரும்பக் கேக்கக் கூடாது" என்றார் மேனேஜர். காப்பகம் இருக்கிற தைரியத்தில் போட்டுவிடவா? உங்கள் வாயால் ஒரு "சரி" வேண்டும்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா

பிப்ரவரி 11, செவ்வாய்

அன்புள்ள அவன் அம்மாவுக்கு,

நலம்தான். படுக்கைதான் மெல்லிசு. என் கண்ணாடி மேல் மெஷின்காரர் உட்கார்ந்துவிட்டார், நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன். வாண்டின் இருமல் குறைந்ததா? சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா?

உன் திறமைக்கு இந்த வேலை எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் அவசரம் என்ன? பதறாத காரியம் சிதறாது. ஒரு வாரம் தவணை கேட்டுப் பாரேன்.

இதற்குமேல் எழுத வரவில்லை. இன்று சோறு இறங்கவில்லை. சமையல்காரர் மேல் குற்றமில்லை.

அன்புடன்,
வாண்டின் அப்பா

பிப்ரவரி 13, வியாழன்

வாண்டின் அப்பாவுக்கு,

தவணை கேட்டேன். "இது என்ன வட்டிக் கடையா?" என்றார் மேனேஜர். பதினொன்றே முக்கால் வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒழுகுகிற குழாயைக்கூடக் கேட்டிருக்கிறீர்கள், காப்பகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காஜா போடுகிற அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள். காப்பகத்திலும் பேரை எடுக்கச் சொல்லிவிட்டேன், வரிசையில் பதினேழு அம்மாக்கள் நிற்கிறார்கள்.

சரியாகத்தான் செய்தேன் என்று வந்து சொல்லுங்கள்.

வாண்டின் அம்மா

பிப்ரவரி 14, வெள்ளி

அன்புள்ள அவன் அம்மாவுக்கு,

பட்ஜெட்டை வாசித்து முடித்துவிட்டார்கள், இனி எழுதத் தடையில்லை. ஆனால் மிச்சப் பிரதிகளை எண்ணி ஒப்படைத்த பிறகு நாளை மாலைதான் கதவு திறக்கும். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்று அச்சக வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை நாற்பத்தோராம் பக்கம் என் மேஜைக்கு வந்தது. காப்பகங்களுக்கான மானியம் ரத்து. எதிர்ப் பக்கத்திலேயே சொகுசுக் கார்களுக்கு வரிக் குறைப்பு. பதினாறு வருஷமாக அச்சுப்பிழை தேடுகிறேன். இது பிழையாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டது அன்றுதான். வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவன் நான். உன்னைக் குழியில் விழ விடவும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் அப்படி எழுதினேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு அதே பக்கம் திருத்தத்தோடு திரும்பி வந்தது. மேலே யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள். மானியம் தொடரும், அதை ஈடுகட்ட சமையல் கேஸ் மேல் வரி கூடும். "உடனே கையெழுத்துப் போடு" என்று கிறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். "திருத்தம் வந்தப்புறம் ஒரு துண்டுச் சீட்டுகூட வெளிய போகாது சார்" என்றார் அதிகாரி. காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். சாயங்காலம் உன் கடிதம் வந்தது.

அந்தச் சீட்டு இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

உன்,
வாண்டின் அப்பா

பிப்ரவரி 15, சனி

வாண்டின் அப்பாவுக்கு,

நீங்கள் வரும்போது நான் ஷிப்டில் இருப்பேன். வாண்டு பக்கத்து வீட்டில் இருக்கிறான். கேஸ் இன்றைக்கே ஏறிவிட்டது, வெந்நீர் அளவாக வையுங்கள்.

சொல்லாததற்குக் கோபமில்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். நீங்கள் ஒன்றுமே எழுதாமல் இருந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். நீங்கள் பாதி சொன்னீர்கள். அந்தப் பாதியை நான் முழுசாக நம்பினேன். உங்களை நம்பாமல் நான் வேறு யாரை நம்புவது? அதுதான் ஆறவில்லை.

காஜா அக்கா நேற்று சூப்பர்வைசராக வந்து என் தையலைத் திருப்பித் தந்தார். "கோச்சுக்காத கண்ணு, கோணலாப் போயிருக்கு" என்றார். கோணல்தான். பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

அந்தச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். மேஜை மேல் வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்ததும் படிக்கிறேன். ஒரு தடவையாவது அதைப் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

வாண்டின் அம்மா