மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்கப் போகிறேன்

சுதர்சினி,

நீ நல்ல தூக்கத்தில் இருந்தாய், எழுப்பவில்லை. எழுப்பினால் நேற்றைய சண்டை மறுபடி தொடங்கிவிடும் என்றும் பயம்.

ஆறு மணி பஸ்ஸில் அந்த பி.காம் காலேஜுக்குப் போகிறேன். சீட் போய்விடக் கூடாதென்று, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் அங்கே கொடுத்துவிட்டு வந்தேனே, அவற்றை வாங்கத்தான். சீட் வேண்டாம் என்று எழுதித் தரச் சொல்வார்கள். எழுதிக் கொடுப்பேன். திருநெல்வேலியில் சைக்காலஜி சேர நாளைதான் கடைசி நாள்; நேற்று நீ அழுத பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து வர சாயங்காலம் ஆகும். கம்மங்கூழ் கரைத்து வைத்திருக்கிறேன். மோர் மிளகாய் டப்பாவில் இருக்கிறது. நாளைக்குக் கோடை உழவு பேசியிருந்த டிராக்டர்கார சோலைமுத்து அண்ணாச்சி இன்று கேட்டுப்போக வருவார். "அப்பா நாளக்கழிச்சு வரச் சொன்னாவ" என்று சொல்லிவிடு. நாளைக்கு நாம் இரண்டு பேரும் திருநெல்வேலியில் இருப்போம்.

அவர் முன்னால்தானே, "பைத்தியக்காரப் படிப்புலா அது, இவள எவன் கட்டுவான்?" என்றேன். தப்புதான். அதை அவரிடமும் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா

கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. நேற்று நீ, "எப்பா, எதுக்கு இம்புட்டுப் பயப்படுதீய?" என்று கேட்டாய். நான் தட்டை எறிந்தேன். இந்த ஐம்பது வயதுக்குள் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் நீதான். நாளைக்குப் பஸ்ஸில் இன்னொரு தடவை கேள்.