முள்ளுப் பட்டையும் பஞ்சுப் பட்டையும்

3 மார்ச் 1986, திங்கள்

காலையில் நல்ல பனி. எதிரே இருக்கும் புளியமரம்கூடத் தெரியவில்லை. அண்ணி விடியுமுன்னே புளி உலுக்கக் கிளம்பிவிட்டாள். என் காலுக்குக் கம்பி மாட்டிவிட மறந்து.

நடக்க மாட்டும் கம்பி, தோல் வார்களோடு, சுவரோரம். நான் பாயில். நடுவில் அண்ணியின் குழந்தை செல்வி, தூக்கத்தில்.

நானே மாட்டிப் பார்த்தேன், எத்தனையாவது தரமோ. வாரை ஒரு கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் பக்கிள் ஊசியை ஓட்டையில் விட வேண்டும். போலியோ என் இடது காலோடு விட்டிருக்கலாம். இடது கை விரல்களையும் கொண்டுபோய்விட்டது. வார் நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் கம்பியைத் தூக்கி எறிந்தேன். செல்வி விழித்துக்கொண்டு அழுதது.

அண்ணி வந்தது உச்சிவெயிலில். அதுவரை ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. தவழ்ந்து போகலாம். பத்தாவது பாஸ் பண்ணினவள், கல்யாண வயதையும் தாண்டினவள், ஊரே பார்க்கத் தவழ மாட்டேன்.

"அய்யய்யோ, மறந்தே பூட்டேன் மல்லிகா! கூப்புட்டிருக்கக் கூடாதா?"

யாரைக் கூப்பிட? புளியமரத்தையா?

வாரை இழுத்துப் பூட்டினாள். ஒரு ஓட்டை அதிக இறுக்கம். சொல்லவில்லை.

5 மார்ச், புதன்

வெயில். துவைத்தது: பாவாடை, செல்வி துணிகள். சோப்பு தீர்ந்தது.

அண்ணன் புளி மூட்டையோடு வாணியம்பாடி போய் வந்தான். அறுந்திருந்த என் மேல் வாரையும் தைத்துக்கொண்டு வந்தான். தைத்தவர் பாஷா பாய், தோல் கடைக்காரர். இந்த வார்களை முதலில் செய்து கொடுத்ததும் அவர்தான். சும்மா ஒரு சுருளும் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவர் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்ததாம்.

சுருளில் இரண்டு பட்டை. ஒன்றில் பொடிப்பொடியாக முள், மற்றதில் பஞ்சு. வைத்து அமுக்கினால் நாயுருவி புடவையில் பிடிப்பதுபோல் பிடிக்கிறது. இழுத்தால் சர்ர்ரென்று பிரிகிறது. திரும்ப வைத்தால் திரும்பவும் பிடிக்கிறது. முதுகில் காகிதம், உரித்தால் பசை.

ஒரு கை போதும். ஒரே கை!

அண்ணன் ஒரு துண்டு வெட்டி டார்ச் லைட்டைக் கதவு நிலையில் ஒட்டிவிட்டான். "பாத்தியா, ஆணியே வாணாம். பைக்கு, கூடைக்கு, எல்லாத்துக்கும் ஒட்டிக்கலாம்னாரு பாய்." அடுத்த துண்டுக்குக் கத்தரிக்கோலை எடுத்தான். சுருளைப் பிடுங்கிக்கொண்டேன். இப்போது அது என் தலையணைக்கடியில்.

போன வாரம் கிராம சேவிகா அம்மா வந்து சொன்னது: வருகிற 17, திங்கட்கிழமை, ஜமுனாமரத்தூரில் பால்வாடி டீச்சர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். விடுதியில் தங்க வேண்டும். "உன் காரியத்த நீயே பாத்துக்குவியான்னு கேப்பாங்கம்மா. இந்தக் கம்பிய யாரு மாட்டி வுடுறது?" என்று கேட்டார்.

"நானே மாட்டிக்குவேங்க" என்றேன்.

முழுப் பொய். 17க்குள் அதை மெய்யாக்க வேண்டும்.

7 மார்ச், வெள்ளி

படுதோல்வி. எல்லா வாரிலும் பட்டை ஒட்டினேன். மாட்டினேன். எழுந்து நின்றேன்! இரண்டடி வைத்ததும் பட்டை மொத்தமாகக் கழன்று அடுப்படியில் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. ரசம் கொட்டியது.

காரணம் எண்ணெய். வெள்ளிக்கிழமை தோறும் அண்ணி வாருக்குப் புங்க எண்ணெய் தடவுவாள், தோல் விறைக்கக் கூடாதென்று. இந்த மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். செருப்புக்கு, ஏர் வாருக்கு, என் காலுக்கு, எல்லாவற்றுக்கும் அதே கிண்ணம், அதே துணி. வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த தோலில் எந்தப் பசை நிற்கும்?

நான் முழங்கைக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருக்கும்போதே இன்றைய எண்ணெயையும் தடவி முடித்துவிட்டாள். பட்டை ஒட்டியிருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. வேண்டுமென்றே செய்கிறாளோ?

அண்ணியைப் பற்றி இப்படி எழுதுவது நன்றாக இல்லை. ஆனாலும் தோன்றியது.

9 மார்ச், ஞாயிறு

சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அப்புறம் சீயக்காய். மறுபடி சாம்பல். கூரைமேல் வெயிலில். வார் கருவாடு மாதிரி ஆகிவிட்டது, எண்ணெய்ப் பசை மட்டும் போனது.

"அண்ணா, பாய் வேற எதுனா சொன்னாரா?"

"ஆங்... பசைய மட்டும் நம்பாத, ஓரத்துல தெச்சிக்கோன்னாரு. சொல்ல மறந்துட்டேன்."

இந்த வீட்டில் எல்லாருக்கும் மறதி. என் விஷயம் என்றால் மட்டும்.

கோணி ஊசி, மெழுகு நூல். பல்லால் இழுத்து இழுத்துத் தைத்தேன். உதடு கிழிந்தது. போகட்டும்.

பிடித்தது. வாசல்வரை நடந்தேன், திரும்பினேன், கழற்றினேன், மாட்டினேன். சர்ர். சர்ர். ஒவ்வொன்றுக்கும் செல்வி சிரித்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

11 மார்ச், செவ்வாய்

கோழி ஒன்றைக் காணோம். நரி.

பட்டையில் ஒரே தொல்லை, சத்தம். நான் பிரித்தால் வீடு முழுக்கக் கேட்கிறது. உடனே அடுப்படியிலிருந்து அண்ணி, "இன்னா மல்லிகா, எங்க கெளம்பிட்ட?" மாட்டுக் கொட்டகையிலிருந்து அண்ணன், "எங்க போறா?" பக்கிள் இருந்தவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நான் எங்கே போய்விடப் போகிறேன் என்றுதான்.

சாமை புடைத்தேன். உமி முள்ளுக்குள் புகுந்து பிடிப்பே போய்விட்டது. பேன்சீப்பால் வாரி எடுத்தேன்: உமி, புளி நார், செல்வியின் முடி. மறுபடி பிடித்தது. இனி சீப்பு பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சாப்பிடும்போது 17ஆம் தேதி விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் வாணாம்" என்றான் அண்ணன். "உனக்கு இங்க இன்னா கொறச்சல்? சாவுற வரைக்கும் நான் பாத்துக்க மாட்டனா?"

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அடிக்கிறவனாக இருந்தால் சண்டை போடலாம். இவனிடம் எப்படிப் போடுவது? அண்ணி என் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

14 மார்ச், வெள்ளி

அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாரைத் தொட்டுப் பார்த்தாள். தடவாமலே எழுந்து போனாள்.

சாயங்காலம் புளி தட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "இனிமே நீயே மாட்டிக்குவ இல்ல? காத்தாலயும், படுக்கறப்பவும்?"

"மாட்டிக்குவேன் அண்ணி. நீங்க பாத்தீங்களே."

"அப்போ நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன். கண்ணாலம் ஆனதுல இருந்து ஒரு ராத்திரி அங்க தங்கனது இல்ல. உனக்குக் காத்தால பூட்டணும், ராத்திரி அவுக்கணும். எங்கப்பா செத்தப்பகூட பொழுது சாய்றதுக்குள்ள வந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கொட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டே சும்மா சொன்னாள். அந்தப் பக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் விஷயத்தில் அவளைச் சந்தேகப்பட்டது வெட்கமாக இருக்கிறது.

"போய்ட்டு வாங்க" என்றேன்.

16 மார்ச், ஞாயிறு

புழுக்கம். அண்ணி சாயங்கால பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டாள். அவள் அம்மா ஊர் மலைப்பாதையில் பாதி வழியில். செவ்வாய் வருவாளாம். செல்வி இங்கே. அண்ணன்தான், "கொயந்தய இட்டுக்கினு போனா ஒரு வாரம் ஆக்கிடுவ, வுட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டான்.

"அண்ணா, நாளைக்கு நான் ஜமுனாமரத்தூர் போவணுமே."

"கொயந்தய யாரு பாத்துக்குவா? நான் தோப்புக்குப் போவணும்" என்றான். நல்லவிதமாகவே கேட்டான். ஒரு குழந்தையை வைத்து இரண்டு பேரையும் கட்டிப்போட்டுவிட்டான்.

நாளை 17 என்று அண்ணிக்குத் தெரியும். தெரிந்துதான் போனாள். திட்ட மனசு வரவில்லை. திட்டாமலும் இருக்க முடியவில்லை. சுவரைக் குத்தினேன். கை வலிக்கிறது.

அண்ணனின் பழைய வேட்டி ஒன்று. நாலாக மடித்தேன். சுருளில் மிச்சமிருந்த பட்டை முழுவதும் அதன் முனைகளில். போதவில்லை. கதவு நிலையில் டார்ச் லைட் தொங்கின துண்டையும் பெயர்த்தேன். நெருக்கித் தைத்தேன். சாமைப் பையை முதுகில் வைத்துக் கட்டிக் குதித்துப் பார்த்தேன். (குதிப்பதாம், நான்!) பிடித்தது.

17 மார்ச், திங்கள்

ஜமுனாமரத்தூர். ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பனி. காலையில் அண்ணன் தோப்புக்குப் போனதும் கம்பியை மாட்டினேன். செல்வியை முதுகில் வைத்து வேட்டியைச் சுற்றி, மார்பில் பட்டையை அமுக்கினேன். வலது கையில் குச்சி. பஸ் நிற்கும் இடத்துக்குப் போகும் இறக்கத்தில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி என் பின்னலை மென்றுகொண்டு வந்தது. குழந்தையோடு போனால் உள்ளேயே விடமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் திரும்பி அந்தப் பாயில் போய் உட்கார முடியவில்லை.

பஸ் வந்து நின்றது. படியில் அண்ணி.

செவ்வாய்க்கிழமை வரவேண்டியவள். தலைகூட வாரவில்லை. டிரைவர் ஆரனை அடித்துக்கொண்டே இருந்தார். "ஏர்றியாம்மா, இல்லியா? நேரமாவுது!"

அண்ணி நேரே என்னிடம் வந்தாள். என் மார்பிலிருந்த பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. சர்ர்ர். செல்வி அவள் இடுப்புக்குப் போய்விட்டது. பக்கிளாக இருந்திருந்தால் பஸ் போயிருக்கும்.

"செவ்வாக்கெழமன்னீங்களே அண்ணி?"

"ஒரு ராத்திரி தங்கிட்டேன் இல்ல. போதும். ஏறு."

என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படியில் ஏற்றிவிட்டாள். விசில். பஸ் நகர்ந்தபிறகு கத்தினாள், "உங்கண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்!" வளைவுவரைக்கும் திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டே இருந்தாள்.

எனக்கு முன்னால் போன பெண் வெளியே வந்துவிட்டாள். அடுத்தது நான்தான். கம்பியைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்வார்களாம். குனிந்து பார்க்கிறேன், முள் முழுக்க ரோட்டுத் தூசி, புல், செல்வியின் முடி. பேன்சீப்பை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன். நகத்தால் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. கூப்பிடுகிறார்கள்.