அரை இஞ்சு கூடிப்போன நாண்

டீச்சரம்மா,

இன்று காலை உங்கள் மகள் ஷீலா வந்து, உங்கள் வில் பெட்டியை என் கட்டில்மேல் வைத்துத் திறந்தாள். திறந்ததும் மெழுகு வாசம் வந்தது. நாணுக்குத் தேய்க்கிற மெழுகு. எட்டு வருஷம் மூடிக் கிடந்த பெட்டிக்குள் அந்த வாசம் அப்படியே இருந்தது. நீலமும் வெள்ளையுமாக முறுக்கின நாண். நுனியில் நான் சுற்றின சுற்றில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. வேறு யாராவது செய்ததாக இருந்தால் நல்ல வேலை என்று சொல்லியிருப்பேன்.

வில் மைதானத்துக்காரர்கள் உங்கள் ஞாபகமாக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். பழகினவர்கள் ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டுமாம். "அம்மாவுக்கு ஸ்ட்ரிங் போட்டது நீங்கதானே அங்கிள். நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றாள் ஷீலா. எனக்குக் கண் சரியில்லைம்மா, நீயே எழுது என்றேன். நான் பேசுகிற மாதிரி எழுதாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது என்றும் சொன்னேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லி முடிப்பேனா என்று எனக்கும் தெரியாது.

நீங்கள் முதலில் என் ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. ஸ்கூட்டரிலிருந்து இந்தக் கறுப்புப் பெட்டியை இறக்கினீர்கள். பக்கத்து வீட்டு மேரி அதைக் கிட்டார் என்று நினைத்து, எந்தக் கோயில் பாட்டுக் குழுவில் வாசிக்கிறீர்கள் என்று கேட்டாள். "இதை வாசிச்சா ஆளு செத்துடும்மா" என்றீர்கள். மேரி அதன் பிறகு உங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவாள்.

பகலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் வில்லோடு மைதானத்தில் நிற்பீர்கள். நாற்பது வயதுக்குமேல் வில் எடுத்தவர். மாநில அணித் தேர்வில் இரண்டு முறை கொஞ்சத்தில் தவறிப்போயிருந்தது. அந்த வருஷம் உங்களுக்கு நாற்பத்தேழு. "இந்தத் தடவை இல்லன்னா இனிமே இல்லண்ணா" என்றீர்கள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் பெட்டியின் பிடியை விடவில்லை.

வில்லைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். இது இரண்டு நுனியிலும் சக்கரம் வைத்த வில். இழுக்க இழுக்கக் கனக்கும். சக்கரம் புரண்டதும் கனம் சட்டென்று இறங்கி, அதற்குமேல் வராமல் சுவரில் முட்டின மாதிரி நிற்கும். அந்தச் சுவர் ஆளுக்கு ஆள் ஒரு இடம். நாணின் நீளம் கூடினால் சுவர் தள்ளிப் போகும். கொஞ்சம் தள்ளிப் போனாலே கை, தாடை, தோள் எல்லாம் தன் இடத்தை விட்டுவிடும்.

அன்றைக்கு உங்களோடு மஞ்சுவும் வந்திருந்தார். வங்கியில் ஆபீசர், அதே மைதானத்தில் ஆண்கள் பிரிவில் அம்பு விடுகிறவர். நூல் உருளைகளை எடுத்துத் தரையில் பரப்பினேன். இருபத்துநாலு இழை போதும், இதற்குமேல் போனால் அம்பின் வால் நாணில் இறுகிக்கொள்ளும் என்றேன். பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம் வைத்தால், நடுவே செருகுகிற பார்வை வளையம் திரும்பிப் போகிறதா என்று நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்றேன். நீங்கள் நீலமும் வெள்ளையும் எடுத்தீர்கள். மஞ்சு, "என்ன டீச்சர், மாதா கோயில் தேர் இழுக்கப் போறீங்களா" என்றார். "உங்க அம்பு போற லட்சணத்துக்கு நீங்களும் மாதா கலர்லயே ஒண்ணு போட்டுக்கங்க மஞ்சு, அவங்களாவது பாத்துப்பாங்க" என்றீர்கள்.

அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். "அண்ணாவுக்கு வில்லைப் பாத்தாலே போதும் மஞ்சு, அளவு சொல்லிடுவாரு."

வில்லின் வளைகிற தகட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நாண் எவ்வளவு, சக்கரங்களை இணைக்கிற பக்கத்துக் கேபிள் எவ்வளவு, இழுப்பு எவ்வளவு என்று கம்பெனிக்காரன் அதில் அச்சடித்திருப்பான். நீங்கள் அதைக் காட்டி, பார்த்துக்கொண்டீர்களா என்று கேட்டீர்கள். பார்த்தாச்சு என்றேன்.

ஷீலா, இதை அப்படியே எழுது. எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாது.

எண் தெரியும். டேப்பில் இஞ்சு பார்ப்பேன், பஸ் நம்பர் பார்ப்பேன். எழுத்துத் தெரியாது. அந்த ஸ்டிக்கரில் நாலைந்து எண் இருந்தது. எந்த எண் எதற்கு என்று தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் சேர்ந்தேன். நாற்பது வருஷத்துக்குமேல் டென்னிஸ், ஷட்டில் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டினேன். பிறகு வில் வந்தது. கடையில் கல்லாவில் இருந்தவர் எந்த வில் வந்தாலும் ஸ்டிக்கரைச் சத்தமாக வாசிப்பார். நாண் இவ்வளவு, கேபிள் இவ்வளவு. அது அவருடைய வழக்கம். நானாகக் கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. கடையை மூடினார்கள். வீட்டில் வைத்து வேலை செய்ய ஆரம்பித்தேன். வாசிக்க ஆள் இல்லை. அதனால் பழைய நாணைக் கழற்றி அதையே அளந்து, இழுபட்டிருக்கும் என்று கால் இஞ்சு கழித்துவிட்டுப் புதிது செய்தேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது. மெக்கானிக் மாதிரி என்று ஆட்கள் சொல்ல, நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களுடையது நீங்கள் அப்போதுதான் ஒருவரிடம் கைமாற்றி வாங்கின வில்; பழைய நாணோடு நீங்கள் அதில் ஒரு அம்புகூட விட்டதில்லை. அந்த நாண் எத்தனை வருஷம் இழுபட்டதோ. கால் இஞ்சு கழித்தது போதவில்லை.

உங்களிடம் கேட்டிருக்கலாம். எதிரிலேயே நின்றீர்கள். "கண்ணாடியை மறந்துட்டேன், நீங்களே வாசிங்க" என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம்; அந்தப் பொய்யை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் வாய் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறவர். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிவதுகூட எனக்குத் தெரியாது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதுவும் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவேன் என்று நீங்கள் பெருமையாகச் சொன்ன மறு நிமிஷம்.

இரண்டு நாளில் செய்து முடித்தேன். வில்லை அழுத்துகிற இரும்புச் சட்டத்தில் மாட்டி, தகடுகளை வளைத்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் புரள்கிறதா என்று அவற்றில் போட்டிருக்கிற கோட்டை வைத்துப் பார்த்தேன். ஒன்றாகத்தான் புரண்டது. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மறுநாளே வந்தீர்கள். இழுத்து நிற்கிற இடம் தள்ளிப் போன மாதிரி இருக்கிறது அண்ணா என்றீர்கள். தாடையில் கை உட்காரவில்லையாம். நான் டேப்பைக்கூட எடுக்கவில்லை. "ஸ்ட்ரிங் சரியாத்தான் இருக்கு டீச்சரம்மா. உங்க தோளு பிடி விட்டிருக்கும். வயசு ஆகுதுல்ல" என்றேன்.

வலது தோளை இடது கையால் பிடித்து அழுத்திப் பார்த்தீர்கள். இருக்கலாம் என்றீர்கள்.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது மஞ்சு தன் வில்லைக் கொண்டுவந்தார். உங்களுடைய அதே வில், ஆனால் புதிது, கம்பெனி நாணோடு வந்தது. மாதா கலர் வேண்டாம், கறுப்பும் சிவப்பும் போடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். நாண் கட்டுகிற பலகையில் ஒவ்வொருவருக்கும், அவரவர் நாண் முடிகிற இடத்தில், நான் ஒரு குறி வெட்டி வைப்பேன். பேர் எழுதத் தெரியாதவனுக்கு அதுதான் பேர். ஒருவருக்குப் பிறை, ஒருவருக்கு மூன்று கோடு, உங்களுக்குச் சின்னச் சிலுவை. மஞ்சுவின் நாணைப் பலகையில் போட்டு இழுத்தேன். அதன் நுனி சிலுவைக்கு எட்டவில்லை. அரை இஞ்சுக்கு மேலேயே குறைந்தது. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். கம்பெனி நாண் தப்பாக இருக்காது. என் சிலுவைதான் தப்பு.

நாலு நாள் போதும், டீச்சரம்மா. புதிதாகச் செய்யக்கூட வேண்டாம். முறுக்கை ஏற்றியே அவ்வளவையும் குறைத்திருக்கலாம். பிறகு வளையத்தையும் குறிபார்க்கிற ஊசியையும் நீங்கள் திருத்திக்கொள்ள ஒரு சாயங்காலம் பிடித்திருக்கும். உங்கள் பள்ளிக்கூடம் நான் நடந்து போகிற தூரம். வீட்டை விட்டுக் கிளம்பினேன். பாதி வழி வந்து, ஒரு டீக்கடையில் நின்றேன். என்ன சொல்லி வில்லைக் கேட்பது என்று யோசித்தேன். எதைச் சொன்னாலும், அன்றைக்கு ஏன் தோள் என்று சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொன்னால், அளவை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மஞ்சுவின் நாணை மட்டும் சரியாகச் செய்து கொடுத்தேன்.

அந்த நாலு நாளும், இல்லாத கோளாறுக்கு நீங்கள் மருந்து தேடியிருக்கிறீர்கள். நிற்கிற நிலையை மாற்றினீர்கள், முழங்கையை உயர்த்தினீர்கள் என்று மஞ்சு பிறகு சொன்னார். தேர்வில் மஞ்சு ஆண்கள் அணியில் எடுபட்டார். உங்கள் பேர் வரவில்லை.

அடுத்த வாரம் நீங்களே என் வீட்டுக்கு வந்தீர்கள். திட்ட வருகிறீர்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் நிஜமா என்று தெரியாது. நீங்கள் வாசல் படியிலேயே நின்று, "நீங்க சொன்னது சரிதாண்ணா. தோளு போயிடுச்சு" என்றீர்கள். "மத்தவங்க என் முகத்துக்காக நல்லா இருக்குன்னே சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க. தேங்க்ஸ்ணா."

நான் பரவாயில்லை டீச்சரம்மா என்றேன். உங்கள் நன்றிக்கு நான் சொன்ன பதில் அது.

அதற்குப் பிறகு நீங்கள் வில்லைத் தொடவில்லை. மார்க்கெட்டில் பார்த்தால் நின்று பேசுவீர்கள். எனக்குத்தான் வேலை இருக்கும். நோயில் படுத்தபோது ஒரு தடவை வந்து பார்த்தேன். மேரியும் வந்ததால் அவளைப் பேச விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் பின்னால் நகர்ந்து நின்றேன்.

இதுவரை சொன்னதும் ஷீலா எழுதுவதை நிறுத்தினாள். எழுந்து கட்டில் பக்கம் போய் வில்லைத் தூக்கி, தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அந்த ஸ்டிக்கரை மெதுவாக வாசித்தாள். நாண் இவ்வளவு, கேபிள் இவ்வளவு. நான் வில்லைச் சட்டத்தில் மாட்டி, நாணைக் கழற்றி டேப் வைத்துக் காட்டினேன். அவள் வாசித்ததைவிட அரை இஞ்சுக்கு மேலேயே கூடுதல். அவளே குனிந்து எண்ணைப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா கடைசி வரைக்கும் அந்தத் தோளுக்குத் தைலம் போட்டுக்கிட்டாங்க அங்கிள். குளிச்சதும் நான்தான் தேச்சு விடுவேன். அதுல ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்க்காமல் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, இதெல்லாம் புத்தகத்தில் வர வேண்டுமா, மஞ்சு அங்கிள் எல்லாம் படிப்பார்களே என்று கேட்டாள். வர வேண்டும், அவர்கள் படிக்கத்தான் சொல்கிறேன் என்றேன். மைதானத்தில் இன்றைக்கும், டீச்சர் நல்லா ஆடினாங்க, பாவம் தோளு போயிடுச்சு என்றுதான் பேசிக்கொள்கிறார்களாம். அவர்களுக்குச் சொல்கிறேன்: டீச்சரம்மாவின் தோள் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் விட்ட ஒவ்வொரு அம்பும், தனக்குப் பொருந்தாத வில்லில் விட்ட அம்பு. அந்த வில்லை வைத்துக்கொண்டும் அவர் தேர்வில் கடைசி அம்பு வரை நின்றார்.

உங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, தெரியும். வாசல் படியில் நின்று நீங்கள் சொன்ன தேங்க்ஸ் மட்டும் என்னிடம் இருக்கிறது. எனக்கு உரியதல்ல அது. இது உங்களுடையது என்று திருப்பிக் கொடுக்க, நீங்கள் இல்லை.