கம்பு பிடித்தவன் கத்தினான்

ஆல்டன், அயோவா
நவம்பர் 22, 1943

அன்பு மகன் வெஸ்லிக்கு அப்பா எழுதுவது. மூட்டு வலியை விட்டுத்தள்ளினால் நான் சுகமாகவே இருக்கிறேன். நீ எந்தக் கடலில் இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஈரக் காலோடு தூங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். ஆகஸ்டில் வந்ததுதான் உன் கடைசிக் கடிதம், அதற்கப்புறம் ஒரு வரி இல்லை. தபால்காரர் கிளைட் இப்போதெல்லாம் என் சலூனைத் தாண்டும்போது எதிர்ச் சாரியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார், பாவம், அவர் என்ன செய்வார். உன் அம்மாவுக்கு ஒமாஹா விமானத் தொழிற்சாலையில் வேலை கடுமை, கை காய்த்துப்போய்விட்டது, பெட்ரோல் ரேஷனில் மாதம் ஒரு தடவை வந்தாலே அதிகம். வீட்டில் நானும் ரேடியோவும்தான். அது பேசுகிறது, நான் பதில் சொல்கிறேன். வீடு இவ்வளவு பெரியது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

நம் கல்லூரி ஃபுட்பால் டீம் எப்படி, உன் இடத்தில் யார் என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதைச் சொல்கிறேன். கோச்சு ராணுவத்துக்குப் போய்விட்டார், தாவரவியல் வாத்தியார்தான் இப்போது கோச்சு, அவர் பந்தைப் பிடிப்பதைப் பார்த்தால் பூசணிக்காய் வாங்க வந்தவர் மாதிரி இருக்கும். பழைய பையன்களில் மிஞ்சியவர்கள் கண்ணாடி போட்டவர்களும் காது கேட்காதவர்களும்தான். கடற்படை பயிற்சிக்கென்று பையன்களைக் கல்லூரிக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் டீமையே மூடியிருப்பார்கள். அவர்களில் லாய்ட் பிக்கெட் என்று ஒருவன், ஒக்லஹோமாக்காரன், அவனுக்குத்தான் உன் இருபத்திரண்டாம் நம்பர் ஜெர்சி கொடுத்தார்கள். காலருக்குள்ளே உன் அம்மா தைத்த உன் பெயரைப் பார்த்துவிட்டு, முடி வெட்ட வந்தவன் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, மிஸ்டர் ஹார்கன், இது உங்க பையன் சட்டையாமே, கிழிக்காம பாத்துக்கிறேன் என்றான். ஆமா, கிழிச்சியோ காதையும் சேர்த்து வெட்டிடுவேன் என்றேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பிட வந்தான். முட்டையும் சோளரொட்டியும்தான், வேறென்ன இருக்கிறது. முதல் நாளே போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தவன், அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தேன். அவன் சாப்பிடுகிற சத்தம் எனக்கு வேண்டியிருந்தது, வெஸ். அக்டோபர் முழுக்க, பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடின அவன் காலால்தான் நம்மவர்கள் ஜெயித்தார்கள்.

நவம்பர் பிறந்ததும் கடற்படை உத்தரவு போட்டு, பாதிப் பையன்களை வேறு கல்லூரிக்கு மாற்றிவிட்டது. லாய்டை எங்கே போட்டார்கள் தெரியுமா, பெல்டனில். போயும் போயும் நம் ஜென்ம விரோதி பெல்டனில்! சனிக்கிழமை கடைசி ஆட்டம் அவர்களோடுதான், நம் மைதானத்தில். சிவப்புச் சட்டையில் வந்து, எப்படியிருக்கீங்க, சாப்டீங்களா என்று கேட்டான். எதிரிப்பய கிட்டல்லாம் எனக்குப் பேச்சில்லை, போடா அந்தப் பக்கம் என்று விரட்டினேன். சிரித்துக்கொண்டே போனான்.

நான் வழக்கம்போல எல்லைக்கோட்டில் கம்போடு நின்றேன், பந்து பத்து கஜம் முன்னேறியதா என்று அளக்கிற சங்கிலியின் ஒரு முனைக் கம்பு என் கையில், மறுமுனை கசாப்புக்கடை ஓட்டோ கையில். கம்பு பிடித்தவன் யாருக்காகவும் கத்தக்கூடாது, உனக்குத்தான் தெரியுமே, உங்கப்பா ஏன் நமக்காகக் கத்துவதில்லை என்று கேட்ட நண்பர்களிடம் எனக்காக நீயே எத்தனை தடவை சண்டை போட்டிருப்பாய். கடைசிப் பகுதியில் லாய்ட் பந்தோடு பிய்த்துக்கொண்டு என் பக்கம் வந்தான். தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, நீ ஓடுவாயே, அச்சாக அப்படியே. எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை. ஓடுடா வெஸ், விடாதே, ஓடு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நானும் கூடவே ஓடியிருக்கிறேன், கையில் கம்போடு. மறுமுனையில் ஓட்டோ சேற்றில் குப்புற விழுந்தார். அதற்குள் நடுவர் விசில் அடித்து, பின்னாலிருந்து யாரையோ தள்ளிவிட்டார்கள், இந்த ஓட்டம் செல்லாது, பந்து பழைய இடத்துக்கே போகட்டும் என்றுவிட்டார். பழைய இடத்தைக் காட்ட வேண்டிய கம்பு என்னோடு எங்கேயோ நிற்கிறது. அவர் குத்துமதிப்பாக ஓரிடத்தில் பந்தை வைத்தார், அடுத்த ஓட்டத்திலேயே பெல்டன் ஜெயித்துவிட்டது. நடுவர் பெல்டனுக்கு ஒரு கஜம் தாராளமாக வைத்துவிட்டார் என்று ஊரே சொல்கிறது. ஓட்டோ எழுந்து வந்து, எமெட், உனக்கு மூளை கலங்கிருச்சா, யாருக்குய்யா கத்துற, அவன் பெல்டன்காரன்யா என்று திட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டையில் இருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். லாய்ட் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இன்று காலை கல்லூரியிலிருந்து இருவர் வந்து, மரியாதையாகத்தான், கம்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் மற்றவர்களோடு கேலரியில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். இருவருக்கும் முடி வெட்டி அனுப்பினேன். அவர்கள் போனபிறகுதான் முடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், கம்புக்காக இல்லை. நீ ஆடின மூன்று வருடமும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட உன் பெயரைச் சொல்லிக் கத்தினதில்லை. முதல் தடவை கத்தினபோது நீ அங்கே இல்லை.

வியாழக்கிழமை நன்றித் திருநாளுக்கு உன் அம்மா வருகிறாள், லாய்டையும் அழைத்திருக்கிறேன், ஆனால் உன் நாற்காலியில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். இரண்டு வரி போதும், உன் கையெழுத்தில் எழுது. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இப்போது என் கையில் கம்பு இல்லை, வாயைக் கட்டவும் ஆள் இல்லை. நீ வந்து ஓடு வெஸ், போதும். நான் கத்துகிறேன்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அப்பா, எமெட் ஹார்கன்