பின்பாரம்

அக்டோபர் 9

காலையில் மெர்வின் வந்து எங்கள் ட்ரெய்லரை, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீட்டை, சுற்றிச் சுற்றிப் பார்த்தான். டயரை உதைத்தான். பக்கத்து வீட்டுக்காரன், நாற்பது வருஷச் சிநேகிதன். என்றாலும் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவன் மாதிரிதான் நடந்துகொண்டான். "எப்படியும் இனிமே நீ ஓட்டப் போறதில்ல ஓரெஸ்ட். பனி விழுறதுக்குள்ள எனக்குக் குடுத்துடேன்டா."

ஆகஸ்டில் தக்காளிச் செடிகளுக்கு நடுவில் வலிப்பு வந்து விழுந்தேன். ஒரே ஒரு தடவை. லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். ஆறு மாதம் போகட்டும், மறுபடி வராவிட்டால் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஆறு மாதம் என்றால் பிப்ரவரி. குளிர்காலம் முழுவதும் எங்கள் ஊரான இந்த யார்க்டனில், மைனஸ் முப்பதில், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினாறு வருஷமாக நவம்பரில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு தெற்கே வெயிலடிக்கும் அரிசோனா போய் ஏப்ரலில் திரும்புகிறவர்கள் நாங்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி டோரீன் வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் மாவு.

"விக்கிறதுக்கு இல்ல மெர்வின். நான் ஓட்டப் போறேன்."

மெர்வின் சிரித்தான். நானும் சிரித்தேன். மறந்துபோகக் கூடாது என்று அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 12

எங்கள் பிக்கப் வண்டியை அவள் நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் அதன் பின்னால் இருபத்தாறு அடி நீள வீட்டைக் கட்டி இழுத்ததே இல்லை. நான் விட்டதில்லை.

அக்டோபர் 15

பனிக்கட்டி மேல் கல் தள்ளி விளையாடும் கர்லிங் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள காலியிடத்தில் முதல் பயிற்சி. பால் கூடைகளை இரண்டு வரிசையாக வைத்து, நடுவே ட்ரெய்லரைப் பின்னால் எடுக்க வேண்டும். எப்போதும் நான் ஸ்டியரிங்கில் இருப்பேன், அவள் பின்னால் நின்று கை காட்டுவாள். இன்று இடம் மாறிக்கொண்டோம். நான் கை காட்டிய லட்சணத்தில் நாலு கூடை நொறுங்கியது.

"இடது! இடதுன்னா இடது!"

"யாரோட இடது? உன்னோடதா, என்னோடதா?"

"கையப் பாரேன்!"

"எங்கய்யா நிக்கிற நீ? கண்ணாடியில வெறும் வானம்தான் தெரியுது." பிரேக் போட்டு இறங்கி வந்தாள். "என் கண்ணாடி உனக்குத் தெரியலன்னா, நீ எனக்குத் தெரிய மாட்ட கிழவா. பதினாறு வருஷம் அந்த இடத்தத் தேடித் தேடி நின்னிருக்கேன். வாங்கினதெல்லாம் திட்டுதான்."

திட்டியிருக்கிறேன். ட்ரெய்லர்கள் தங்கும் முகாமுக்கு முகாம் திட்டியிருக்கிறேன். புதிதாக ஒரு ட்ரெய்லர் வந்தால் மற்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது வழக்கம். அவர்களுடைய வேடிக்கைக்கு நான் குறை வைத்ததில்லை. ஆனால் ஒரு தடவைகூட அவள் என் கண்ணாடியில் தெரியாமல் நின்றதில்லை. இன்றைக்குத்தான் உறைத்தது.

அக்டோபர் 21

டோரீனின் நோட்டுப் புத்தகத்தை அவள் இல்லாதபோது எடுத்துப் படித்தேன். அசந்து போனேன்.

ஒரு நாளைக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. மதியம் மூன்று மணிக்குள் நின்றுவிட வேண்டும். நிற்கப்போகும் இடங்கள் நீல மையில். பனியோ காற்றோ வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டிய இடங்கள் சிவப்பு மையில். குளிர்காலத்தில் பாதி முகாம்கள் மூடிக் கிடக்கும். அவள் ஒவ்வொன்றையும் போனில் கூப்பிட்டு, "கரண்ட் இருக்குமா? வாசல் பனியை யார் தள்ளுவாங்க?" என்று கேட்டு, பதில் சொன்னவரின் பெயரோடு எழுதி வைத்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டி காலியாகவே போகும், உறைபனி தாண்டும் வரை கேனில்தான் தண்ணீர். கழிவறைக்கு அந்த இளஞ்சிவப்பு உறையாத் திரவம், எத்தனை கேன் என்பது உட்பட.

இத்தனை வருஷமும் நான் எப்படிப் போனேன்? முதல் நாள் ராத்திரி வரைபடத்தைப் பிரிப்பேன், மறுநாள் கிளம்புவேன். எல்லாம் சரியாக அமைந்ததற்கு என் சாமர்த்தியம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டினால் போன வருஷம், அதற்கு முந்தைய வருஷம் – எல்லாம் அவள் கையெழுத்து. நான் "இன்னிக்கு எங்க நிக்கலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் சட்டென்று ஒரு ஊர் பெயர் சொல்வாளே, அது சட்டென்று வந்தது இல்லை.

அக்டோபர் 30

பாரம் பார்த்தோம். பார்த்தாள் என்று எழுதுவதுதான் நியாயம். ட்ரெய்லர் பிக்கப்பில் மாட்டும் கொக்கியின் மேல் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது உட்கார வேண்டும். குறைந்தால், பின்பாரம் கூடிவிட்டால், ஓட்டத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். குளியலறையில் எடை பார்க்கும் மெஷின், ஒரு பலகை, இரண்டு செங்கல் – இவற்றை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். டப்பாக்களை முன்னால் நகர்த்தி, மறுபடி எடை பார்த்து, மறுபடி நகர்த்தி. சாயங்காலம் மூக்கெல்லாம் சிவந்து, "முந்நூத்தி நாப்பது கிலோ. கச்சிதம்!" என்று கத்தினாள்.

ஏற்ற வேண்டிய சாமான்களின் பட்டியலில் என் கருவிப் பெட்டியை அடித்திருந்தாள். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பட்டறைப் பிடிகுறடும் போச்சு.

"கருவிப் பெட்டி இல்லாமலா?"

"போன தடவ எப்ப தெறந்த?"

எப்போது திறந்தேன் என்று ஞாபகமே இல்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. ஸ்டியரிங் போனது. வழி தேர்ந்தெடுப்பது என்னுடையதாக இருந்ததே இல்லை என்பதும் தெரிந்துபோனது. இப்போது பெட்டியும். அப்புறம் நான் எதற்கு? லக்கேஜா?

நவம்பர் 4

மெர்வின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வீட்டுச் சந்தில் ட்ரெய்லரைப் பின்னால் எடுத்து, வேலிக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தினாள். "தற்செயல்" என்றான் அவன். வெளியே எடுத்து, திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தினாள். அவன் உள்ளே போய்விட்டான்.

நவம்பர் 10

டோரீன் சர்ச்சில், மற்ற பெண்களோடு பெரோகிக் கொழுக்கட்டை மடிக்கப் போயிருந்தாள். அந்த நேரத்தில் செய்தேன். ட்ரெய்லரின் கடைசியில், பம்பரை ஒட்டி இருக்கும் பெட்டியில், கருவிப் பெட்டி, பிடிகுறடு, இரண்டு பழைய பேட்டரி, பனியில் டயருக்கு மாட்டும் சங்கிலி – எல்லாவற்றையும் ஏற்றினேன். எல்லாம் சேர்ந்து நூறு கிலோ இருக்கும். பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நூறு கிலோ என்ன பெரிய பாரம்?

நவம்பர் 12

மூன்று நாள் தெளிவான வானம் என்று உறுதியான பிறகுதான் கிளம்பினாள். ஊர் எல்லை வரை வழியனுப்ப மெர்வின் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். "ராத்திரி குளிருக்கு இன்ஜின் சூடேத்த வீட்டு கரண்டுல மாட்டுற வயர புடுங்காமலே கிளம்புவா பாரு" என்று நேற்றே பந்தயம் கட்டியிருந்தான். டோரீன் பிடுங்கிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். வந்து நின்ற அவன் வண்டிக்கு முன்னால்தான், பிடுங்க மறந்த ஆரஞ்சு நிற வயர் ஒன்று பனியில் இழுபட்டுக் கிடந்தது. தெருவே சிரித்தது.

நாடு மாறும் எல்லையில் அதிகாரி குனிந்து கேட்டார், "பின்னால அந்தப் பெட்டியில என்ன?"

"காலி" என்றாள் டோரீன். அவள் வார்த்தையில் ஒரு சந்தேகமும் இல்லை. அவர் கையசைத்து அனுப்பிவிட்டார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 15

வழியில் பில்லிங்ஸ் ஊரில் இரண்டாவது நாளாக நிற்கிறோம். மேற்கே பலத்த காற்று. என் காலத்தில் கிளம்பியிருப்பேன். காலையில் ரேடியோவில், நாங்கள் போயிருக்க வேண்டிய சாலையில் இரண்டு லாரி கவிழ்ந்ததாகச் சொன்னார்கள். டோரீன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாமா? அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. நாளைக்குப் பார்க்கலாம்.

நவம்பர் 17

தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

மோனிடா கணவாய் தாண்டி இறக்கம். காய்ந்த சாலை, நல்ல வெயில், பக்கவாட்டில் கொஞ்சம் காற்று. நீளமான லாரி ஒன்று எங்களை முந்தியது. அது கடந்த அடுத்த நொடி பின்னாலிருந்து ஒரு இழுப்பு. அப்புறம் அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. கண்ணாடியில் பார்க்கிறேன் – எங்க வீடு ஒரு தடவ இடது பக்கம் தெரியுது, ஒரு தடவ வலது பக்கம் தெரியுது. ஒவ்வொரு ஆட்டமும் பெருசாகுது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்தப் பெட்டி. அந்த நூறு கிலோ. நான் கத்தினேன், "பிரேக்! பிரேக்கப் போடு!"

போடவில்லை. போட்டிருந்தால் ட்ரெய்லர் முன்னால் வந்து எங்களை மடித்துப் பள்ளத்தில் தள்ளியிருக்கும். அது எனக்குத் தெரியும். முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான். தெரிந்தும் கத்தினேன்.

அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஸ்டியரிங்கை வெட்டவில்லை, நேராகப் பிடித்தாள். வலது கையை டாஷ்போர்டுக்கு அடியில் விட்டு, ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் பிடிக்கும் அந்தச் சின்ன நெம்புகோலை மெல்ல அழுத்தினாள். பின்னால் யாரோ கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடித்தது போல வால் நீண்டு நேரானது. நாலைந்து நொடிதான் ஆகியிருக்கும்.

ஓரமாக நிறுத்திய பிறகுதான் அவள் அழுதாள். "எங்க தப்பு பண்ணினேன்? முந்நூத்தி நாப்பது வச்சேனே ஓரெஸ்ட். மூணு தடவ பாத்தேனே."

தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்தாள்! பையிலிருந்து சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"உன் கணக்கு சரி. நான்தான் கெடுத்தேன்."

நவம்பர் 18

நேற்று அவள் பெட்டியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், "தூக்கு" என்றாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் பிக்கப்பில் கேபினை ஒட்டி வைத்தேன். அவள் உதவவில்லை. உதவியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

ராத்திரி நாங்கள் தங்கிய ஐடஹோ முகாமின் சொந்தக்காரர் பேட்டரி, பிடிகுறடு, சங்கிலி மூன்றையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். கருவிப் பெட்டியை நான் நீட்டியபோது டோரீன் தடுத்தாள்.

"அது இருக்கட்டும்."

இன்று காலை காபி குடிக்கும்போது கேட்டாள், "ஏன் செஞ்ச?"

"எனக்குன்னு ஒண்ணுமே இல்லாமப் போச்சு டோரீன்."

"வாயத் தெறந்து கேட்டிருந்தா முன்னாடி இடம் பண்ணியிருப்பேனே, மடையா." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் செத்திருப்போம்."

ஆமாம் என்றேன். 

நவம்பர் 19

காலையில் பட்டியலை என் கையில் கொடுத்தாள். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியது: கொக்கி, அதன் சங்கிலி, விளக்கு, டயர், படிக்கட்டு. இனி தினமும் என் வேலையாம். கடைசியில் புது மையில் ஒரு வரி: 'பின்பெட்டி – திறந்து எனக்குக் காட்டு.'

திறந்தேன். காட்டினேன். தலையாட்டிவிட்டு ஏறினாள்.

நவம்பர் 23

அரிசோனா வந்துவிட்டோம், யூமா. எலுமிச்சை மர வாசனை. எங்கள் வழக்கமான இடத்தில் இந்த வருஷம் ஒரு பக்கம் கம்பம், ஒரு பக்கம் மேஜை. ஏழெட்டு பேர் நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் பின்னால் போய் அவள் கண்ணாடி தெரியும் இடத்தைத் தேடி நின்றேன். கண்ணாடிக்குள் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. கையைக் காட்டினேன். ஒரு சத்தம் கிடையாது, ஒரே முயற்சியில் உள்ளே.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். கிளம்பும்போது அவர்களில் ஒருத்தி டோரீனைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் கத்துக் குடுப்பீங்களா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம" என்று கேட்டாளாம்.

டிசம்பர் 20

டோரீனின் காலை வகுப்புக்கு இப்போது நாலு பெண்கள் வருகிறார்கள். கூடைகளை அடுக்குவது நான். என் மனைவி என்பதால் சொல்லவில்லை, இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருகிறவர்களை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 24

ஆறு மாதம் தாண்டியது. வலிப்பு வரவில்லை. டாக்டரோடு போனில் பேசினேன்.

மார்ச் 30

நேற்று மகள் தான்யா கல்கரியிலிருந்து கூப்பிட்டாள். எங்கள் தபாலெல்லாம் குளிர்காலத்தில் அவள் வீட்டுக்குத்தான் போகும்; அங்கே வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். ஓட்டலாமாம். லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது. டோரீன் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் ஒரு ஓரமாகப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

இன்று ஊர் திரும்பும் நாள். காலையில் நான் கொக்கியைப் பார்த்து, விளக்குகளைப் பார்த்து, டயர்களைத் தட்டிப் பார்த்து முடித்தபோது அவள் சாவியை நீட்டினாள்.

"இந்தா. உன் எடம்."

நான் பின்பெட்டியைத் திறந்து காட்டினேன். காலி. பூட்டிவிட்டுப் போய், ஓட்டுபவருக்குப் பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்து ஏறி, நோட்டுப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு எங்க நிக்கப் போறோம்னு நான் சொல்றேன்" என்றேன். "நீ ஓட்டு."