கதிர்வீச்சு போன பிறகும் போகாத குப்பை

அனுப்புநர்
முடிதிருத்தும் கடைக்காரர்,
மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிர்க்கடை.

பெறுநர்
கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: ஆபத்து நீங்கிய கழிவுப் பைகளை அகற்றி, என் அக்காவின் சிகிச்சைக்கு வழிசெய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கடைக்கு எதிரே மருத்துவமனையின் கழிவு அறை உள்ளது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்களின் கோப்பை, பஞ்சு, கையுறைகளை அதில் சில மாதங்கள் பூட்டி வைப்பார்கள். கதிர்வீச்சு தானாக அடங்கியதும் அவை சாதாரண மருத்துவமனைக் குப்பையோடு போய்விடலாம். தங்கள் அலுவலக அம்மையார் சென்ற மாதம் கருவியோடு வந்து, எல்லாம் அடங்கிவிட்டது என்று சிரித்த முகமாகச் சொல்லிச் சென்றார். பைகள் மட்டும் அங்கேயே இருக்கின்றன.

2. காரணம் எனக்குத் தெரியும். சம்பந்தப்பட்ட அனைவரும் என்னிடம் தலையைக் கொடுத்தவர்கள். கழுத்தருகே கத்தி இருக்கையில் யாரும் பொய் சொல்வதில்லை. கதவில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருக்கும்வரை லாரிக்காரர் மும்மடங்கு வாடகை கேட்கிறார். பைகள் போனால்தான் பலகையைக் கழற்றுவோம் என்கிறது மருத்துவமனை. கவுன்சிலரோ, "அந்த லாரிய நம்ம தெருவுக்குள்ள விடமாட்டேன்னு சொல்லித்தாண்ணே ஓட்டு வாங்கினேன்" என்றார். குப்பை வரக்கூடாது என்று வாக்களித்தோம், போகவும் கூடாதா என்று பணிவுடன் கேட்டேன். "மீசையப் பாத்து வெட்டுங்கண்ணே" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

3. பலகையால் எனக்கு லாபமே. என் வாசலை மறித்து யாரும் வண்டி நிறுத்துவதில்லை. கடை மாடியிலுள்ள என் வீட்டுக்கு வரும் மாமியார் வீட்டார் காபி குடித்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள்.

4. ஆனால் அறை நிரம்பிவிட்டதால் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. வரிசையில் அடுத்தவர் என் அக்கா. அறுவை சிகிச்சை முடிந்து அயோடினுக்காகக் காத்திருக்கிறார். "குப்பைக்கு இடம் இருக்கு, எனக்குத்தான் இல்லையாடா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

5. ஆகவே தாங்கள் நேரில் வந்து, ஆபத்தில்லை என எழுத்தில் சான்றளித்து, பலகையைக் கழற்றித் தருமாறு வேண்டுகிறேன். பலகை போனால் லாரி சாதாரண வாடகைக்கு வரும். தெருவில் எவரேனும் மறித்தால் அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

6. கழற்றிய பலகையை எறிந்துவிட வேண்டாம். அறை காலியானதும் அக்கா அயோடின் குடிப்பார்; அவருடைய கோப்பையும் பஞ்சும் அங்கேதான் வரும். அன்று பலகையைத் திரும்ப மாட்ட ஏணியும் சுத்தியலும் நானே கொண்டுவருகிறேன்.

தங்கள் வருகைக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
எதிர்க்கடைக்காரர்

இடம்: கடை
நாள்: செவ்வாய், வார விடுமுறை